வெளிச்சோறும் தொடுகறியும்

சிங்கப்பூருக்குப் போகிறவர்களிடம் எங்கள் நாகர்கோவிலில் கோடாலித் தைலம் கேட்பார்கள், சாக்லெட் கேட்பார்கள். ஆன்டணி கேட்டது தகவல்.

"சாரே, அங்க தீம் பார்க்குல ஆளுவ என்ன திங்குது, எப்படித் திங்குது, எதுக்கு வரிசையில நிக்குது, இத மட்டும் எனக்குப் பாத்துட்டு வந்து சொன்னாப் போதும்" என்றார்.

ஆன்டணி எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருப்பவர். பூர்வீகம் குளச்சல். கடலுக்குப் போகிற குடும்பத்தில் பிறந்து கடலைத் தாண்டிப் போனவர். ஷார்ஜாவில் ஒரு தொழிலாளர் முகாமின் மெஸ் அவர் பொறுப்பில் இருந்தது. கல்யாணமான நாளிலிருந்து மனைவி பிலோமினாவோடு அவர் சேர்ந்து வாழ்ந்தது விடுமுறைகளில் மட்டும்தான். இந்த முறை ஊருக்கு வந்தவருக்குத் திரும்பப் போக மனமில்லை. ஆனால் ஷார்ஜா விசாவுக்கு ஒரு விதி உண்டு. ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் அது காலாவதியாகிவிடும். ஐம்பதைத் தாண்டியவருக்குப் புது விசா கிடைப்பது குதிரைக்கொம்பு. அதற்குள் இங்கே ஒரு பிழைப்பு அமைய வேண்டும். இல்லையென்றால் மறுபடியும் பெட்டியைக் கட்ட வேண்டும்.

பிழைப்புக்கு ஒரு வழியும் தெரிந்தது. தடிக்காரன்கோணம் போகிற சாலையில் செல்லத்துரை என்ற ரப்பர் வியாபாரி நீர்விளையாட்டுப் பூங்கா ஒன்று திறந்திருந்தார். அலை அடிக்கும் குளம் வந்துவிட்டது, சறுக்குக் குழாய்கள் வந்துவிட்டன, வாயிலில் சிமெண்டு டைனோசர்கூட வந்துவிட்டது. சாப்பாட்டுக் கடை மட்டும் வரவில்லை. அதை ஆன்டணிக்குத் தரலாமென்று செல்லத்துரைக்குப் பாதி மனது. சென்னையிலிருந்து ஒரு கம்பெனி, பீட்சா பர்கர் படம் போட்ட புத்தகத்தோடு வந்து போனதில் மீதிப் பாதி மனது அந்தப் பக்கம். "பெரிய பெரிய பார்க்குல எல்லாம் என்ன உண்டோ அது எனக்க பார்க்குலயும் உண்டும்னு ஆளுவ சொல்லணும்" என்பது அவருடைய கொள்கை.

பெரிய பார்க்கில் என்ன உண்டு என்று பார்த்துவர என்னை ஆன்டணி தேர்ந்தெடுத்ததில் ஒரு நியாயம் உண்டு, ஒரு அநியாயமும் உண்டு. நான் ஓய்வு பெறும்வரை ஓட்டல்களுக்கு உரிமம் வழங்கும் அலுவலகத்தில் இருந்தவன். எந்தச் சமையற்கட்டில் நுழைந்தாலும் முதலில் சாக்கடை எங்கே போகிறது என்று பார்க்கிற கண் எனக்கு. அது நியாயம். நான் சுத்த சைவம் என்பது அநியாயம். மொட்டைத் தலையனைச் சீப்பு வாங்க அனுப்பியது மாதிரி.

என் மகள் உமா சிங்கப்பூரில் இருக்கிறாள். பேத்திக்கு மூன்று வயது. நானும் என் மனைவி கோமதியும் போய் இறங்கிய மறுநாளே உமா எங்களைத் தீம் பார்க்குக்குக் கிளப்பினாள். கிளம்பும்போது கோமதியின் பையில் ஒரு கனம் தெரிந்தது. பேத்திக்கு மாற்றுத் துணி என்றாள். மூன்று வயதுக் குழந்தைக்கு அத்தனை மாற்றுத் துணியா என்று நான் கேட்கவில்லை. முப்பத்தெட்டு வருடத் தாம்பத்தியத்தில் கேட்கக்கூடாத கேள்விகள் எவை என்று ஓரளவு தெரியும்.

வாயிலில் பையைச் சோதிக்கிற இடத்தில் முக்காடு போட்ட மலாய்ப் பெண் ஒருத்தி நின்றாள். பையைத் திறந்தாள். துணிக்கு அடியில் எலுமிச்சம்பழச் சாதம், உருளைக்கிழங்குப் பொரியல், இஞ்சிப்புளி, தனியாக ஒரு டப்பாவில் மாங்காய் ஊறுகாய். தலைக்கு மேலே பலகையில் நான்கு மொழியில் எழுதியிருந்தது, வெளி உணவுக்கு அனுமதி இல்லை என்று. நான்கில் ஒன்று தமிழ். தெரியாமல் வந்துவிட்டோம் என்று சொல்லவும் வழியில்லை.

"குழந்தைக்கான உணவா?" என்று அந்தப் பெண் ஆங்கிலத்தில் மரியாதையாகக் கேட்டாள். ஆமென்று சொல்லியிருந்தால் விட்டிருப்பாள் என்றுதான் நினைக்கிறேன். கோமதி என்னைக் காட்டி, "இவருக்கு" என்றாள்.

பின்னால் வரிசை நீண்டது. உமாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "அம்மா, இதுக்குத்தான் நேத்தே சொன்னேன். உள்ள சாப்பாடு கிடைக்கும்னு சொன்னேன்லா?"

"கெடைக்கும். எவன் சமைச்சானோ, எப்பம் சமைச்சானோ. ஒங்க அப்பா இத்தனை காலம் ஓட்டல் ஓட்டலா ஏறி எறங்கிட்டு வீட்டுல வந்து சொன்ன கதைய எல்லாம் கேட்டவளுக்கு வெளியச் சாப்பாடு எறங்குமாட்டி?"

என் மீது இப்படி ஒரு குற்றப்பத்திரிகை சர்வதேச அளவில் வாசிக்கப்படும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. கடைசியில் அந்தப் பெண்ணே வழி சொன்னாள். உள்ளே போய்விட்டுக் கையில் முத்திரை வாங்கிக்கொண்டு வெளியே வரலாம், வெளி பெஞ்சில் சாப்பிட்டுவிட்டு மறுபடி உள்ளே போகலாம். பையை வெளியே பெட்டகத்தில் வைத்துப் பூட்டினோம். முத்திரைக் கதையைக் கேட்டு கோமதி, "பரோல்ல விடுகது மாதிரியாக்கும்" என்றாள்.

உள்ளே ஆன்டணிக்காகக் கடைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஒவ்வொரு கடைக்கும் ஒரு வேஷம். எகிப்துக் கோயில் மாதிரி ஒரு கடை, கப்பல் மாதிரி ஒன்று. வேஷத்தைக் கழித்துவிட்டால் மூன்றே உணவு. ரொட்டிக்கு நடுவில் இறைச்சி, ரொட்டிக்கு மேலே இறைச்சி, சோற்றுக்குப் பக்கத்தில் இறைச்சி. நடந்துகொண்டே தின்பதற்கு வான்கோழிக் கால் விற்றார்கள். பீமன் கதாயுதம் ஏந்தி வருவதுபோல் ஆட்கள் அதை ஏந்திக்கொண்டு வந்தார்கள். சைவத்துக்கென்று ஒரு பச்சை இலைக் குறி போட்டிருந்தது. அந்தக் குறியைப் பின்தொடர்ந்து போனால் உருளைக்கிழங்கு வறுவல் இருந்தது. சுத்தத்தில் குறை சொல்ல முடியவில்லை. சாக்கடை எங்கே போகிறது என்று கடைசிவரை என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. அதைவிடப் பெரிய சான்றிதழ் என்னிடம் இல்லை.

நடுமதியம் முத்திரையோடு வெளியே வந்தால் பெஞ்செல்லாம் ஆள். ஓர் இந்தோனேசியக் குடும்பம் பாய் விரித்து உட்கார்ந்து இலையில் கட்டிய சோற்றைப் பிரித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு சீனத் தம்பதி பிளாஸ்கிலிருந்து கஞ்சி ஊற்றிக் குடித்தார்கள். எல்லார் கையிலும் முத்திரை. எங்களைப் பார்த்ததும் இந்தோனேசியர் நகர்ந்து இடம் கொடுத்து ஏதோ சொன்னார். உமாவுக்கு மலாய் கொஞ்சம் தெரியும். "ஒவ்வொரு வருசமும் இங்கதான் சாப்பிடுவாங்களாம். உள்ள விளையாட, வெளிய சாப்பிடன்னு சொல்றாரு" என்றாள். கோமதி அவருக்கு மாங்காய் ஊறுகாய் கொடுத்தாள். அவர் கண்ணில் நீர் வந்தது. நன்றியா காரமா என்று உமாவிடம் கேட்கச் சொல்லவில்லை.

இரண்டு நாள் கழித்து மலேசியப் பக்கம் ஜொகூரில் இருக்கிற பூங்காவைப் பார்க்கப் பாலம் தாண்டிப் போனோம், நானும் கோமதியும் மட்டும். எல்லையில் பேருந்தை விட்டு இறங்கி, முத்திரை வாங்கிக்கொண்டு, அதே கம்பெனியின் அடுத்த பேருந்தில் ஏற வேண்டும். நடைமுறையைச் சுவரில் எழுதி வைத்திருந்தார்கள். ஒரு வரி விடாமல் நான் படித்தேன். படித்து முடிப்பதற்குள் எங்கள் கூட வந்தவர்கள் யாரும் இல்லை. கோமதி, "படிச்சது போதும், பஸ்ஸு போயிட்டு" என்றாள். அடுத்து வந்த பேருந்தில் ஏறினோம். அது வேறு கம்பெனி என்பது ஒரு மீன் சந்தையில் இறங்கிய பிறகு தெரிந்தது.

அங்கிருந்து எங்களை மீட்டது ஒரு மலேசியத் தமிழர், டாக்ஸி ஓட்டுநர். "பார்க்குக்கா அங்கிள்? சாப்பிட்டுப் போங்க லா. உள்ள விலை கூட." நாங்களும் வார்த்தைக்கு வார்த்தை 'லா' போடுகிறவர்கள்தான். நாங்கள் கேள்விக்குப் போடுவோம், அவர்கள் முடிவுக்குப் போடுகிறார்கள். அவர் சொல்லைக் கேட்டு வழியில் ஒரு கடையில் ரொட்டி சானாய் தின்றோம். நம்மூர்ப் புரோட்டாவுக்குப் பங்காளி.

ஜொகூர்ப் பூங்காவில் வேஷம் கொஞ்சம் குறைவு, மிளகாய் கொஞ்சம் அதிகம். தேங்காய்ப்பால் சோற்றை வாழையிலை அச்சடித்த காகிதத்தில் வைத்துத் தந்தார்கள். அசல் வாழைமரம் வேலிக்கு வெளியே குலை தள்ளி நின்றது. மூன்று மணிக்கு மழை கொட்டியது. நனைந்த கூட்டம் மொத்தமும் கூரைக்குள் வந்தது. அதுவரை ஐஸ்கிரீமுக்கு நின்ற வரிசை அப்படியே கலைந்து, கொதிக்கிற நூடுல்ஸ் சூப்பும் இழுத்து ஆற்றிய டீயும் விற்கிற ஒரு மூலைக்குப் போய் நின்றது. பீட்சாக் கடைப் பையன் கையைக் கட்டிக்கொண்டு மழையைப் பார்த்துக்கொண்டிருந்தான். இதை ஆன்டணியிடம் முதலில் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஊருக்கு வந்து சொன்னேன். ஆன்டணி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அது வெளிநாடுல்லா. நம்ம ஆளு எப்படின்னு பாக்காண்டாமா?" என்றார். நியாயம்தான். சென்னையில் கடலோரச் சாலைப் பூங்கா ஒன்றுக்கு நான் முன்பே போயிருக்கிறேன். சாம்பார் சாதம், தயிர் சாதம், மிளகாய் பஜ்ஜி. கோயில் திருவிழாவில் தொலைந்துபோன சாப்பாட்டுப் பந்தி ஒன்று டிக்கெட் வாங்கி உள்ளே வந்த மாதிரி இருக்கும். மிச்சமிருந்தது மலையாளம். இருவரும் எறணாகுளம் ரயில் ஏறினோம்.

ரயிலில் ஆன்டணி முகாம் கதைகள் சொன்னார். பீகாரிக்குச் சப்பாத்தி, வங்காளிக்கு மீன், மலையாளிக்குக் குத்தரிசி, பாகிஸ்தானிக்கு ரொட்டி. "நாலு தேசத்துக்காரனையும் ஒரு பாத்திரத்துல அடக்கிடலாம் சாரே. எனக்க பெஞ்சாதிக்கு நான் ஒரு நாளும் சோறு வச்சுக் குடுத்ததில்ல" என்றார். சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மலையாளப் பூங்காவில் சாப்பாடு மரியாதையாக இருந்தது. சிவப்பரிசிச் சோறு, பருப்பு, புளிசேரி, மரச்சீனி என்கிற மரவள்ளிக் கிழங்கும் மீன்குழம்பும். வாயிலில் அதே பலகை: வெளி உணவுக்கு அனுமதி இல்லை. ஆனால் வண்டி நிறுத்துமிடத்துக்குப் போய்ப் பார்த்தால் கார்களின் பின்கதவெல்லாம் திறந்து கிடந்தது. ஒவ்வொன்றின் முன்னும் ஒரு குடும்பம் பொதிச்சோறு பிரித்துக்கொண்டிருந்தது. சிங்கப்பூர் பெஞ்சு இங்கே டிக்கியாகியிருந்தது. அவ்வளவுதான் வித்தியாசம்.

அப்போதுதான் அது நடந்தது. காரிலிருந்து வேட்டிக்காரர் ஒருவர் முத்திரைக் கையோடு எழுந்து விறுவிறுவென்று பூங்காவுக்குள் போனார். கொஞ்ச நேரத்தில் இரண்டு தட்டில் சுடச்சுடப் பொரித்த மீனோடு வெளியே வந்தார். சோறு அவர் மனைவி மடியில் இருந்தது. ஆன்டணி நேரே அவரிடம் போய் மலையாளத்தில் கேட்டார். எல்லாம் உள்ளேயே சாப்பிட்டிருக்கலாமே என்று. அவர் சொன்னதை ஆன்டணி எனக்குத் தமிழில் சொன்னார்: "சோறு வீட்டுச் சோறுதான் வேணும். ஆனா காலைல பொரிச்ச மீன் மத்தியானம் தோல் செருப்பு மாதிரி ஆயிருதாம்."

திரும்பி வருகிற ரயில் திருவனந்தபுரம் தாண்டுவதற்குள் திட்டம் உருவாகிவிட்டது. யார் முதலில் சொன்னது என்பதில் இன்றும் எங்களுக்குள் வழக்கு உண்டு. சோற்றை அவர்கள் கொண்டு வரட்டும், பலகையைக் கழற்றிவிடலாம். நாம் தொடுகறி மட்டும் விற்போம். சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளச் சூடாக எது கையில் கொண்டுவர முடியாதோ அது. பொரித்த மீன், பப்படம், அவியல், எரிசேரி, ஆவி பறக்க ரசம்.

செல்லத்துரை சிரித்தார். "ஓய் சாரே, வெளிநாடு போயிட்டு வந்து இதையா கொண்டு வந்தீரு? வெளியச் சோத்த உள்ள விட்டா எனக்க கடையில எவன் திம்பான்?"

"இப்பம் எவன் திங்கான்?" என்று கேட்டேன். அவருடைய வேலிக்கு வெளியே, ரப்பர் மரத்தடியில், ஞாயிற்றுக்கிழமைகளில் டிபன் கேரியர் திறக்கிற கூட்டத்தை அவரே பார்த்திருக்கிறார். எங்கள் மாவட்டத்தில் ஒரு குடும்பம் சோற்றுப் பொதி இல்லாமல் பக்கத்து அணைக்குக்கூடப் போகாது. அவர் தலையைச் சொறிந்தார். "செரி. ஒரே ஒரு நாள் பாப்போம். ஓடிச்சுன்னா பேசுவோம். ஓடல்லைன்னா மெட்ராஸ்காரனுக்குக் கை குடுத்துருவேன், பொறவு என்னைக் குத்தம் சொல்லப்பிடாது."

நாள் குறிக்கிற பொறுப்பு என்னிடம் வந்தது. அரசாணைகளில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. சிவராத்திரிக்கு எங்கள் மாவட்டத்துக்கு மட்டும் உள்ளூர் விடுமுறை. பக்தர்கள் காவி உடுத்துப் பனையோலை விசிறியோடு பன்னிரண்டு சிவன் கோயிலுக்கு ஓடுகிற நாள். பள்ளி, கல்லூரி, அலுவலகம் எல்லாம் மூடல். ஓடாதவர்களெல்லாம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு எங்கேயாவது போயாக வேண்டும். அந்த நாளையே குறித்தேன். ஆன்டணியின் ஆறு மாதமும் அதோடு ஏறக்குறைய முடிவுக்கு வந்துகொண்டிருந்தது.

காலையிலேயே எல்லாம் தயார். ஆன்டணி குளச்சலில் ஏலத்தில் எடுத்த நெய்மீன் மசாலா பூசி அடுக்கியிருந்தது. அவியலும் எரிசேரியும் கோமதியின் மேற்பார்வை. ரசம் பிலோமினா. பலகை இருந்த இடத்தில் 'வெளிச்சோறு கொண்டு வரலாம்' என்று செல்லத்துரை எழுதி மாட்டியிருந்தார், பல் வலிக்கிறவர் எழுதின மாதிரி.

கூட்டம் வந்தது. நல்ல கூட்டம். ஆனால் ஒருவர் கையிலும் கேரியர் இல்லை. ஒரு பொதி இல்லை. பிள்ளைகள் கையில் பன்னும் வாழைப்பழமும். பதினோரு மணிவரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு நெற்றி நிறையத் திருநீறு பூசிய ஒரு தகப்பனிடம் நானே போய்க் கேட்டேன்.

"சோறு கொண்டு வரலையா?"

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "இண்ணைக்குச் சிவராத்திரி விரதம்லா. வீட்டுல அடுப்பே பத்த வைக்கல்ல. பிள்ளையளுக்கு பன்னு போதும்."

என் நெற்றியிலும் அன்று திருநீறு இருந்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும். நானும் விரதம்தான். திரும்பி வந்து கோமதியிடம் குரலை அடக்கிக் கேட்டேன். "ஏட்டி, சிவராத்திரிக்கு நம்ம ஆளுவ சோறு பொங்க மாட்டாவன்னு ஒனக்குத் தோணல்லியா?"

"தோணிச்சு. நாம விரதம் கெடந்தா என்ன, லீவு கெடச்ச கிறிஸ்தவங்க வந்து மீனு வாங்கித் திம்பாவன்னு நெனச்சேன்."

பிலோமினா கரண்டியைக் கீழே வைத்தாள். "ஐயோ அக்கா, எங்களுக்குத் தவக்காலம்லா நடக்கு. எங்க ஆளுவ பாதிக்கு மேல மீனும் எறச்சியும் விட்டாச்சு. கோயில் லீவு இந்துக்களுக்குள்ளது, அவிய வந்து திம்பாவன்னுல்லா நான் இருந்தேன்."

முகாமில் இத்தனை வருடம் நாலு தேசத்தின் நோன்பையும் கணக்கு வைத்த ஆன்டணி, சொந்த ஊரில் கோட்டை விட்டுவிட்டு நின்றார். நான் அரசு விடுமுறைப் பட்டியலைப் பார்த்தவன். இந்து கிறிஸ்தவரை நம்பி, கிறிஸ்தவர் இந்துவை நம்பி, இரு தரப்பும் ஒரே நாளில் பட்டினி கிடக்கிற ஏற்பாட்டை இந்த மாவட்டத்துக்காரர்கள் தவிர வேறு யாரும் செய்துவிட முடியாது.

அந்த நேரம் கோட்டாற்றிலிருந்து வேன் பிடித்து வந்த ஒரு முஸ்லிம் குடும்பம் வாழைமரத்தடியில் நெய்ச்சோற்றுச் சட்டியைத் திறந்தது. மீன் வாங்கினார்கள், பப்படம் வாங்கினார்கள், மறுபடியும் மீன் வாங்கினார்கள். எங்கள் திட்டத்தின்படி நடந்துகொண்டது மாவட்டத்திலேயே அவர்கள் மட்டும்தான். எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த செல்லத்துரை செல்போனை எடுத்து எண்களைத் தேடிக்கொண்டிருந்தார். சென்னை எண்ணாகத்தான் இருக்கும்.

அலைக்குளத்திலிருந்து பிள்ளைகள் நடுங்கிக்கொண்டு ஏறி வந்தார்கள். மலையடிவாரக் காற்று. ஒரு பெண்குழந்தை, உதடெல்லாம் நீலம், அடுப்புக்கு முன்னால் வந்து நின்று, "மாமா, சூடா என்ன இருக்கு?" என்று கேட்டாள். ரசம் இருந்தது. அதை ஊற்றிக்கொள்ளச் சோறு இல்லை.

எனக்கு ஜொகூர் மழை நினைவுக்கு வந்தது. "ஆன்டணி, கொதிக்கக் கொதிக்க ஏதாவது" என்று நான் தொடங்கும்போதே அவர் வேட்டியை மடித்துக் கட்டிவிட்டார். "ஏட்டி பிலோமி, கஞ்சி! சாரே, வண்டிய எடுத்துட்டுப் போய் புழுங்கலரிசியும் சிறுபயறும் வாங்கிட்டு வாங்க. தடிக்காரன்கோணத்துல கெடைக்கும். நிக்காண்டாம், போங்க."

எனக்கு அப்படி உத்தரவு போட்டவர்கள் அலுவலகத்தில் எல்லாரும் எனக்கு மேலதிகாரிகள். போனேன்.

திரும்பி வந்தபோது ஆன்டணி தோட்டத்துப் பலாமரத்திலிருந்து இலை பறித்து வைத்திருந்தார். இலையைக் கோணலாக மடக்கி ஈர்க்குச்சி குத்தினால் கஞ்சி குடிக்கும் கரண்டி. கோமதி தேங்காய்த் துவையல் அரைத்தாள். நான் தட்டு கழுவினேன், கொதிநீரில், விதிப்படி. பிலோமினா பயறுக்குத் தாளித்த வாசனை போதும், அறிவிப்புப் பலகை தேவைப்படவில்லை. பிள்ளைகள் வந்தார்கள். இலைக் கரண்டியைப் பார்த்து அதற்காகவே இன்னும் கொஞ்சம் பிள்ளைகள் வந்தார்கள். அவியலும் எரிசேரியும் கஞ்சிக்குத் தொடுகறியாகிக் காலியாயின. தவக்காலத்துக் கிறிஸ்தவர்களுக்குக் கஞ்சியும் பயறும் பழக்கப்பட்ட சாப்பாடு, ஒரு பேச்சும் இல்லாமல் வரிசையில் நின்றார்கள். கல்லூரிப் பையன்கள் எந்த மதத்து விரதத்துக்கும் கட்டுப்படாமல் மீனில் பெரும்பகுதியைத் தீர்த்தார்கள்.

காலையில் நான் கேட்ட திருநீற்றுத் தகப்பன் தயங்கித் தயங்கி வந்தார். "சோறு வேண்டாம். அந்தக் கஞ்சி வெள்ளத்த மட்டும் ஒரு கிளாஸ் தாருங்க. வெள்ளம் சாப்பாட்டுல சேராதுல்லா?"

பிலோமினா என்னைப் பார்த்தாள். விதி எனக்குத் தெரியும். ஆனால் அந்த மனிதர் பிள்ளையோடு பிள்ளையாக நனைந்திருந்தார். "சேராது" என்றேன். நான் குடிக்கவில்லை. சாட்சி சொன்னவன் குடிக்கக்கூடாது.

செல்லத்துரையும் கடைசியில் ஒரு தட்டு வாங்கினார். நின்றுகொண்டே குடித்தார். இரண்டாவது தட்டுக்கு உட்கார்ந்தார். பிறகு ஆன்டணியிடம், "தொடுகறி ஓடல்ல. கஞ்சி ஓடிச்சு. நீரு சொன்னது ஒண்ணு, நடந்தது ஒண்ணு" என்றார். "ஆனா ஆளு வேலிக்கு வெளிய போகல்ல பாத்தீரா, அது கொள்ளாம், நல்ல காரியம். மே மாசம் பள்ளிக்கூட லீவு முடியது வரை நடத்தும். ஞாயிற்றுக்கிழமை கேரியர் வரும்லா, அண்ணைக்குத் தொடுகறியப் பாப்போம். மெட்ராஸ்காரனுக்கு ஜூன்ல சொல்லுகேன்னு சொல்லியாச்சு. அதுக்குப் பொறவு உள்ளது அப்பம்."

அது வாக்குறுதியல்ல. மூன்று மாதம்கூட முழுதாக இல்லை. எழுத்தில் இல்லை, பத்திரம் இல்லை. என் அலுவலகத்தில் இப்படி ஒரு ஏற்பாட்டைக் கொண்டுவந்து நீட்டியிருந்தால் திருப்பி அனுப்பியிருப்பேன்.

வெயில் இறங்கிக் கூட்டம் கலைந்த பிறகு ஆன்டணி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பிலோமினா சற்றுத் தள்ளிக் கஞ்சி அண்டாவைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"சாரே, மே மாசம் வரைன்னா அதுக்கு முன்னாலயே எனக்க விசா தீந்துரும்."

"தீர்ந்துரும்."

"போவேன்னா இந்த மாசமே போவணும்."

"ஆமாம்."

ஆன்டணி அலைக்குளத்தைப் பார்த்தார். மோட்டாரை நிறுத்தியிருந்தார்கள். தண்ணீர் அசையாமல் கிடந்தது.

"போவல்லைன்னா, அதுக்கு என்ன செய்யணும்? எழுதிக் குடுக்கணுமா? தூதரகத்துக்குப் போவணுமா?"

அக்கம்பக்கத்தில் எத்தனையோ பேர் என்னிடம் நடைமுறை கேட்டு வந்திருக்கிறார்கள். வாரிசுச் சான்று, பெயர் மாற்றம், குடும்ப அட்டையில் ஆள் சேர்த்தல். எல்லாவற்றுக்கும் விண்ணப்பம் உண்டு, இணைப்புகள் உண்டு, ஒரு அதிகாரியின் பச்சை மை உண்டு. இதற்கு மட்டும் இல்லை.

"ஒண்ணும் செய்ய வேண்டாம் ஆன்டணி" என்றேன். "வீட்டுல இருந்தாப் போதும். அதுவாத் தீர்ந்துரும்."

"கையெழுத்து ஒண்ணும்?"

"வேண்டாம்."

"எங்கயும் போவாண்டாமா?"

"எங்கயும் போக வேண்டாம்."

அண்டா தேய்க்கிற சத்தம் நின்றிருந்தது. எப்போது நின்றது என்று நாங்கள் கவனிக்கவில்லை. ஆன்டணி அந்தப் பக்கம் திரும்பினார்.

"ஏட்டி, ஞாயிற்றுக்கிழமைக்குப் பயறு எவ்வளவு ஊறப் போடணும்?"

பிலோமினா நிமிரவில்லை. புறங்கையால் முகத்தைத் துடைத்தாள். முகத்தில் சாம்பல் ஒட்டிக்கொண்டது.

"அது பொறவு பாப்போம். மொதல்ல வந்து இந்த அண்டாவ ஒரு பக்கம் பிடிங்க. தனியாத் தூக்கித் தூக்கி எனக்க நடு ஒடிஞ்சு போச்சு."

ஆன்டணி எழுந்து போய் மறுபக்க வளையத்தைப் பிடித்தார்.